முதல் நாற்காலி: சட்ட நாற்காலியா, குச்சி நாற்காலியா? (முழு மரம், கைக்கருவி மட்டும்)

#1 சீவல்சுருள்

எல்லாருக்கும் வணக்கம். மேசை, புத்தக அலமாரி, பெட்டி வரைக்கும் வந்தாச்சு. அடுத்தது நாற்காலி. பிளைவுட், ஒட்டுப்பலகை எதுவும் சேர்க்காமல் முழு மரத்தில் செய்யணும், மின்கருவியும் வேண்டாம்.

தேடிப் பார்த்ததில் ரெண்டு வழி தெரியுது. ஒன்று, நாலு காலையும் சட்டங்களால் பிணைத்து அதுமேல் இருக்கை வைக்கிற வகை. இன்னொன்று வின்ட்சர் வகை. கனமான ஒரே பலகைதான் இருக்கை. கால்களைக் கீழேயிருந்தும், முதுகுக் குச்சிகளை மேலேயிருந்தும் அந்தப் பலகைக்குள்ளேயே இறக்குகிறார்கள்.

கையில் நன்றாகக் காய்ந்த தேக்கு இருக்கு. ஒன்றரை அங்குலக் கனம், ஆறு அங்குல அகலம். எதில் ஆரம்பிக்கலாம்? மூட்டுக்குப் பசை போதுமா, திருகாணியும் போடணுமா?

#2 ஆப்பு

உட்காரவா, படம் எடுத்துப் போடவா? பதில் அதைப் பொறுத்தது.

#3 சீவல்சுருள்

உட்காரத்தான் அண்ணே. எழுதுகிற மேசை முன்னால் தினமும் கிடக்கப் போகிறது.

#4 பழையகால்

நான் புது நாற்காலி செய்வது குறைவு. உடைந்து வருவதைப் பிரித்து மறுபடி கூட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் செய்முறைக்குள் போகும் முன், நாற்காலி எங்கே சாகிறது என்று சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் எங்கே உழைக்கணும், எங்கே சும்மா இருக்கலாம் என்பது தானாகப் புரியும்.

வருவதில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போனவை. பின்காலும் பக்கச் சட்டமும் சேருகிற மூட்டு. மேசை வாங்குகிற சுமை நேர் கீழே இறங்கிவிடும். நாற்காலியில் ஆள் சாய்கிறான், நெளிகிறான், சாப்பிட்டு முடித்த திருப்தியில் ரெண்டு பின்காலில் நிறுத்தி ஆடுகிறான். அவ்வளவையும் வாங்குவது அந்த மூட்டு.

"பசை விட்டுப்போச்சு" என்றுதான் கொண்டுவருவார்கள். பிரித்துப் பாருங்கள். துளைக்குள் பசை இருக்கும், பல சமயம் முழுசாக, பளபளப்பாக, துளையின் சுவரில் ஒட்டியபடியே. நாக்குதான் (சட்டத்தின் முனையை மெலிதாக்கித் துளைக்குள் விடுகிற பகுதி) அதிலிருந்து விலகியிருக்கும். நாக்கின் ரெண்டு கன்னமும், அதாவது அகலமான பக்கங்கள், தேய்ந்து வழவழவென்று மின்னும். தோளோரம், நாக்கு தொடங்குகிற படியில், ஒரு கறுப்புக் கோடு ஓடும், இடைவெளிக்குள் தூசி போய் அடைந்த கோடு. அதாவது கடைசியாக உடைவதற்கு வெகு நாள் முன்பே அந்த மூட்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் மரம் சுருங்கியது. பசை அல்ல.

அடுத்து அடிக்கடி வருவது, முதுகின் மேல்சட்டம் வளைவில் முறிந்தது. மூன்றாவது, இருக்கைப் பலகை நடுவில் பிளந்தது. இந்த மூன்றும் நார் ஓட்டமும் ஈரமும் சம்பந்தப்பட்ட விஷயங்கள். கடையில் நல்ல பசை வாங்கித் தீர்க்க முடியாதவை.

#5 தூசிமூக்கு

> திருகாணியும் போடணுமா?

உள்பக்கமா ரெண்டு நீளத் திருகாணி ஏத்திட்டா வேலை முடிஞ்சுதே? இல்லன்னா டவல் குச்சி (ரெண்டு பக்கமும் துளை போட்டு ஒட்டுற உருண்டைக் குச்சி) ரெண்டு ரெண்டா. எதுக்கு இவ்ளோ பாடு?

#6 பழையகால்

திருகாணி ஏற்றிய மூட்டுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன, ஏற்றுங்கள்.

இரும்பு சுருங்காது, மரம் சுருங்கும். ஆட்டம் தொடங்கியதும் திருகாணியின் மரை சுற்றியுள்ள நாரை அரைத்துத் தூளாக்கும். அதுவும் பின்காலில் திருகாணி ஏறும் இடத்தில் கால் நார் நெடுக்கே பிளந்தால், நாற்காலியோடு காலும் போச்சு. நாக்கு மட்டும் உடைந்தால் புது நாக்கு வைத்துவிடலாம்.

டவல் குச்சிக்கு வேறு கோளாறு. உருண்டைத் துளையின் சுவரில் பாதிக்கு மேல் நார் வெட்டுப்பட்ட முகம். வெட்டுமுகத்தில் பசை நிற்காது. நார் பக்கவாட்டாகத் தெரிகிற மீதிப் பகுதிதான் பிடிக்கும். செவ்வக நாக்கில் ரெண்டு பெரிய கன்னமும் நாரோடு நார் ஒட்டும் முகம்.

#7 ஆப்பு

வளைமர நாற்காலிக்குப் பேர்போன தோனெட் கேட்டா சிரிப்பார் சார். 1859இல் வந்த அவரோட 14ஆம் எண் நாற்காலி ஆறு துண்டு மரம், பத்துத் திருகாணி, ரெண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. கோடிக்கணக்கில் விற்றது. திருகாணியால் செத்ததா அது?

#8 பழையகால்

நல்ல கேள்வி. சாகவில்லை. ஏன் என்று பாருங்கள். அதன் பின்காலும் முதுகும் தனித்தனித் துண்டு இல்லை. ஒரே பீச் கோலை நீராவியில் வளைத்து, ஒரு காலில் தொடங்கி முதுகைச் சுற்றி மறு காலில் முடிகிறது. உடைய வேண்டிய இடத்தில் மூட்டே கிடையாது. நார் அறுபடாமல் போகிறது. திருகாணி தளர்ந்தால் திருப்புளி எடுத்து முடுக்கலாம் என்பதும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. சதுர வெட்டு மரத்தில் மூட்டு போட்டுவிட்டு, மேலே திருகாணி ஏற்றுவது வேறு.

#9 கணக்குமட்டம்

பின்மூட்டில் எவ்வளவு விசை வருகிறது என்று ஒரு தோராயக் கணக்கு. முதுகில், இருக்கைக்கு 40 செ.மீ. மேலே, 30 கிலோ எடைக்குச் சமமான தள்ளு என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்து சோம்பல் முறித்தாலே இது வந்துவிடும். ரெண்டு பக்கமும் பங்கிட்டால் மூட்டுக்கு 15 கிலோ. நெம்பு 15 × 40 = 600 கிலோ-செ.மீ.

இதை மூட்டு எப்படித் தாங்குகிறது? நாக்கின் மேல்விளிம்பு ஒரு பக்கம், கீழ்விளிம்பு எதிர்ப் பக்கம் அழுத்தி. 6 செ.மீ. உயர நாக்கில் அந்த ரெண்டு அழுத்தத்துக்கும் நடுவே சுமார் 4 செ.மீ. இருக்கும். 600 ÷ 4 = 150 கிலோ. அழகாகத் தெரியட்டும் என்று சட்டத்தைப் பாதியாக, 3 செ.மீ. ஆக்கினால் அந்தத் தூரமும் 2 ஆகும். 300 கிலோ.

ஆகவே சட்டத்தின் உயரத்தில் கை வைக்காதீர்கள். ஒல்லியாக வேண்டுமென்றால் கனத்தைக் குறையுங்கள். கீழே கால்களுக்கிடையே குறுக்குச்சட்டம் ஒன்று போட்டால் சுமை ரெண்டு இடத்தில் பிரியும். அப்போது இருக்கைச் சட்டத்தைக் கொஞ்சம் மெலிதாக்கலாம்.

#10 பச்சைமரம்

என் ஓட்டு குச்சிக்கு. ஆனால் காய்ந்த பலகையை மறந்துவிடுங்கள், மரத்தடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

பச்சைத் தடியை ஆப்படித்துப் பிளந்தால் பிளவு நார் போன வழியே போகும். ரம்பம் நாரைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். பிளந்த கோலில் நார் தலை முதல் கால் வரை அறுபடாமல் ஓடுவதால், விரல் கனக் குச்சிகூட வில்லாக வளைந்து திரும்பும், முறியாது. ரம்பத்தில் அறுத்த அதே கனக் குச்சியில் நார் சாய்வாக வெளியேறினால், அந்தச் சாய்விலேயே ஒருநாள் பிளக்கும்.

இன்னொரு லாபம் மூட்டில். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். பல மரங்களில் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுமார் 8 விழுக்காடு, வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதி சுருங்கும். நீளவாக்கில் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. இதைப் பகையாகப் பார்க்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். குறுக்குக் குச்சியின் முனையை எலும்பாக உலர்த்துங்கள், 5 விழுக்காடு வரை. அந்தக் காலத்தில் சூடான மணலில் முனையை மட்டும் புதைத்து வைப்பார்களாம். கால் மரம் மட்டும் 15–20 விழுக்காட்டில் இருக்கட்டும். இறுக்கமாக அடித்து இறக்கினால், குச்சி காற்றிலிருந்து ஈரம் வாங்கி உப்பும், கால் உலர்ந்து துளை இறுகும். பசை இல்லாமலே பல்லைக் கடித்ததுபோல் நிற்கும்.

முக்கியமாக, குச்சியின் முனையில் தெரியும் வளைய வரிகள் காலின் நீளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். அப்போது அதிகம் உப்புவது மேலும் கீழுமாக. அங்கே காலின் வெட்டுநார் முகம் இருப்பதால் தாங்கிக்கொள்ளும். திருப்பி வைத்தால் பக்கவாட்டில் நெம்பிக் காலையே பிளந்துவிடும்.

#11 பழையகால்

பச்சைமரம் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஏணிமுதுகு நாற்காலிகள் இப்படிச் செய்து தலைமுறைகள் கடந்து நிற்பதைக் கையால் தொட்டிருக்கிறேன். ஆனால் கேட்டவர் கையில் இருப்பது காய்ந்த தேக்கு. அதைப் பச்சையாக்க முடியாது. நீராவி வளைப்புக்கும் உலையில் காய்ந்த பலகை ஒத்துவராது.

#12 பச்சைமரம்

வளைக்க முடியாது என்பது சரி. ஆனால் ஈர வித்தியாசத்தைக் காய்ந்த மரத்திலும் உண்டாக்கலாமே? ரெண்டும் 12 விழுக்காட்டில் இருந்தாலும், நாக்கு முனையை மட்டும் சூட்டில் வைத்து 6க்குக் கொண்டுவாருங்கள். 16 மி.மீ. உருண்டை நாக்கு கால் மி.மீ. வரை சுருங்கும். சூட்டோடு சூடாக அளவு பார்த்து இறுக்கமாகக் கடைந்து இறக்குங்கள். வேண்டாம் என்றாலும் உப்பிக்கொள்ளும்.

#13 பழையகால்

ஒப்புக்கொள்கிறேன். உருண்டை நாக்குக்கு அருமையான வழி. செவ்வக நாக்கிலும் உயர அளவில் பயன் உண்டு. கன்னத்தில் இது செல்லாது, அதிகம் உப்பினால் துளையின் மெல்லிய சுவர் வெடிக்கும்.

#14 உளிமுனை

பட்டறையில் சட்ட நாற்காலி செய்வது என் தினசரி வேலை. உங்கள் பலகைக்கு அதுதான் பொருந்தும். வின்ட்சர் இருக்கையை ஆசனம்போல் குழிவெட்ட ரெண்டு அங்குலக் கனமாவது இருந்தால் நல்லது. ஒன்றரையில் குழி போட்டால் கால் இறங்குகிற இடத்தில் மரம் மிஞ்சாது. அதோடு தேக்கில் சிலிக்கா உண்டு, வளைந்த உளியை அடிக்கடி சாணை பிடித்தே பொழுது போய்விடும். இங்கிலாந்தில் இருக்கைக்கு எல்ம், காலுக்கு பீச், வளைவுக்கு ஆஷ் அல்லது யூ என்று ஒரே நாற்காலியில் மூன்று மரம் போட்டது சும்மா இல்லை. எல்மின் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அத்தனை துளை போட்டும் பிளக்காது.

இனி சட்ட நாற்காலி. மேசை செய்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: இருக்கை சதுரம் இல்லை. முன்னால் 46 செ.மீ., பின்னால் 38 செ.மீ., ஆழம் 42 செ.மீ. என்றால் பக்கச் சட்டம் ஒவ்வொன்றும் ஐந்தரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்கிறது. இந்தச் சாய்வைத் துளையில் காட்டுவதா, நாக்கில் காட்டுவதா? என் வழி: துளை எப்போதும் காலின் முகத்துக்கு நேர்ச் செங்குத்து. உளியை நேராகப் பிடித்து வெட்டலாம், கண்ணுக்கு நம்பிக்கை இருக்கும். சாய்வு நாக்குக்கு. 28 மி.மீ. நீள நாக்கில் இந்தச் சாய்வால் நார் விலகுவது சுமார் இரண்டேமுக்கால் மி.மீ. நாக்கின் கனம் 10 மி.மீ. என்றால் கால்பங்கு நார்தான் முனைக்கு வராமல் அறுபடும். தாங்கும். 10 டிகிரி, 12 டிகிரி சாய்வுள்ள விசிறி இருக்கை என்றால் இந்த வழி ஆபத்து, அப்போது துளையைச் சாய்க்கணும்.

தோளை மூலைமட்டத்தால் வரையாதீர்கள். இருக்கையின் முழு அளவுப் படத்தை ஒரு பலகையில் வரைந்து, சாய்மட்டத்தை (எந்தக் கோணத்துக்கும் திருப்பி இறுக்கக்கூடிய மட்டம்) அந்தப் படத்திலேயே வைத்துக் கோணம் எடுங்கள். டிகிரி எண் தேவையே இல்லை. தோள் கோட்டைக் கத்தியால் கீறி, வேண்டாத பக்கத்தில் உளியால் சிறு சரிவு எடுத்துவிட்டால் ரம்பம் அந்தச் சரிவில் போய் உட்காரும்.

முன்காலில் ரெண்டு துளையும் உள்ளே சந்திக்கும். நாக்கு முனைகளை 45 டிகிரியில் சீவி ஒன்றை ஒன்று தொடாமல் மயிரிழை விடுங்கள். தொட்டால் தோள் மூடாது. பின்காலில் சந்திக்க விடாதீர்கள். பக்கச் சட்டத்தின் நாக்கும் பின்சட்டத்தின் நாக்கும் ஒரே உயரத்தில் வருவதால், காலின் மரம் மொத்தமும் அங்கேயே காலியாகிவிடும். பின்சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றியோ நாக்கைக் குறுக்கியோ வையுங்கள்.

#15 சீவல்சுருள்

இவ்வளவு விவரமா! ரொம்ப நன்றி உளிமுனை சார். கிளாம்ப் என்னிடம் கொஞ்சம்தான். சாய்வுச் சட்டத்தில் கிளாம்ப் வழுக்குமே?

#16 உளிமுனை

ஆணி இழுப்பு போடுங்கள், கிளாம்பே வேண்டாம். முதலில் காலில், துளைக்குக் குறுக்கே 6 மி.மீ. ஓட்டை. நாக்கை உள்ளே விட்டு, அதே துளைமுனையால் நாக்கில் ஒரு புள்ளி குத்துங்கள். வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து தோள் பக்கமாக 1 மி.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். தேக்குக்கு ஒன்று போதும், ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். திரும்பக் கூட்டி மரஆணியை அடித்தால் விலகின ஓட்டை வழியாக ஆணி வளைந்து போகும்போது நாக்கை உள்ளே இழுத்துத் தோளை மூடிவிடும். மூட்டு பிற்பாடு சுருங்கினாலும் ஆணி தன் நெளிவால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆணியை மட்டும் பலகையிலிருந்து அறுக்கக் கூடாது. நேர்நார்த் துண்டைப் பிளந்து சீவுங்கள், நன்றாகக் காயட்டும், முனை கூர்.

#17 தூசிமூக்கு

அப்போ பசையே வேணாமா?

#18 பழையகால்

போடுங்கள். போட்டால் பிற்காலத்தில் பிரிக்கக் கூடியதாகப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. வச்சிரப் பசை, அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது, சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். நூறு வருட மூட்டைக்கூட வெந்நீரும் கத்தியும் வைத்துப் பிரித்து, சுத்தம் செய்து, அதே பசையை மேலே தடவிக் கூட்டலாம். பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் ஒட்டும். வெள்ளைப் பசைமேல் வெள்ளைப் பசை ஒட்டாது, ஒரு துளி விடாமல் சுரண்டணும், சுரண்டினால் நாக்கு மெலியும். எபாக்ஸி போட்டு வந்த நாற்காலியைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வரும். நாற்காலி என்றைக்காவது தளரும். அப்போது பழுது பார்ப்பவனுக்கு ஒரு வழி விடுங்கள்.

தேக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம். கன்னத்தை ஒட்டும் முன் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு உடனே பசை தடவுங்கள்.

#19 ஆப்பு

ஒல்லி நாற்காலியைப் பத்தி ஒரு வார்த்தை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோ போன்டியின் சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலி 1957இல் வந்தது, மொத்த எடை 1.7 கிலோ. ஆஷ் மரம், கால் 18 மி.மீ. முக்கோண வெட்டு. மேலே கணக்குமட்டம் சட்டத்தைக் குறைக்காதே என்கிறார். போன்டி எப்படித் தப்பினார்?

#20 கணக்குமட்டம்

பக்கத்துக்குப் பக்கம் குறுக்குக் குச்சிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே மூட்டில் நெம்பைத் தாங்காமல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பல மூட்டில் பிரித்துவிட்டார். இருக்கைக் குச்சிக்கும் கீழ்க் குச்சிக்கும் இடையே உள்ள தூரம்தான் இங்கே நெம்புக் கை. 4 செ.மீ. இருந்த இடத்தில் 20 செ.மீ.க்கு மேல் கிடைத்தால் விசை எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். அதோடு ஆஷ், நேர்நார், வளைந்து கொடுக்கும் மரம்.

இதே யோசனைதான் வின்ட்சரிலும். கால்கள் வெளியே விரிந்து நிற்பதால் சுமை காலின் நெடுக்கே இறங்குகிறது. விரிப்புக் கோணம் ரெண்டு, முன்னாலிருந்து பார்த்தால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ரெண்டையும் தனித்தனியாக வைத்துத் துளையிட முடியாது. பார்வைக் கோடு (எந்தத் திசையிலிருந்து பார்த்தால் கால் நேராகத் தெரியுமோ, அந்தத் திசையில் இருக்கைமேல் போடும் கோடு) வரைந்து ஒரே கோணமாக்கணும். முன்பார்வையில் 12 டிகிரி, பக்கப் பார்வையில் 16 டிகிரி என்றால், ரெண்டின் டேன்ஜென்ட்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 0.357. அதாவது 19.6 டிகிரி. பார்வைக் கோடு, முன்பின் அச்சிலிருந்து 36.5 டிகிரி திரும்பும். அந்தக் கோட்டின் மேல் சாய்மட்டத்தை 19.6க்கு வைத்து நிறுத்தி, துளைப்பானை அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். பக்கவாட்டுச் சாய்வு அந்தக் கோட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

#21 பச்சைமரம்

கூடவே ஒன்று: கால் நாக்கை மேலே ஆப்படித்து இறுக்கும்போது ஆப்பு இருக்கைப் பலகையின் நாருக்குக் குறுக்கே நிற்கணும். நாரோடு போனால் பலகை ரெண்டாகும்.

#22 ஆப்பு

என்னை எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள், குறுக்கேதான் நிற்பேன்.

#23 சீவல்சுருள்

😄 சரி, சட்ட நாற்காலி என்று முடிவு. பின்கால் வளைவையும் முதுகுச் சட்டத்தையும் பலகையிலிருந்துதான் அறுக்கணும். நார் அறுபடுமே?

#24 பழையகால்

அறுபடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நார் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சாய்ந்தாலே வளைவு வலிமை நன்றாகக் குறைகிறது. அதனால் பலகையைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் நார் இயல்பாகவே வளைந்து ஓடும் பலகை சிலது இருக்கும், மேசைக்கு ஆகாது என்று ஒதுக்கியது. பின்காலுக்கு அதுதான் பொன். நாரின் வளைவும் காலின் வளைவும் ஒன்றாகிவிடும். அப்படிக் கிடைக்கவில்லை என்றால், இருக்கை மூட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் நேர்நார் வரும்படி அட்டை வெட்டுருவை நகர்த்தி வையுங்கள். முறிய வேண்டுமென்றால் உச்சியில் முறியட்டும், மூட்டில் வேண்டாம். கணு எங்கேயும் கூடாது. வெளிறு (தடியின் வெளிப்புற இளமரம்) கூடாது. ரெண்டு காலையும் ஒன்றை ஒன்று தழுவி இருக்கும்படி வரைந்தால் மரமும் மிச்சம், நாரும் ஒத்திருக்கும்.

மேல்சட்டத்தின் வளைவு சின்னது என்றால் அறுத்துக்கொள்ளலாம். பெரிய வளைவு என்றால் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நார் நேராக ஓடும்படி செய்து மூட்டுப் போடணும். டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரின் 1949ஆம் வருட வட்ட நாற்காலியில் கையும் முதுகும் ஒரே ஓட்டமாகத் தெரியும். அது மூன்று துண்டு. முதலில் மூட்டு தெரியாமலிருக்கப் பிரம்பு சுற்றினார். பிறகு பிரம்பை எடுத்துவிட்டு, ரம்பப் பல் மாதிரி கோத்த மூட்டையே வெளியே காட்டிவிட்டார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும்.

#25 சீவல்சுருள்

இருக்கை? பலகையாகவே வைக்க ஆசை. அளவுகளும் சொன்னால் புண்ணியமாப் போகும்.

#26 உளிமுனை

பலகை இருக்கையைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். 42 செ.மீ. அகலத் தேக்கு, ஈரம் 4 விழுக்காடு ஏறி இறங்கினால் குறுக்கே 3 மி.மீ.க்கு மேல் நீளும் சுருங்கும். அடைத்து வைத்தால் ஒன்று பலகை வெடிக்கும், இல்லை சட்டத்தைத் தள்ளி மூட்டைத் திறக்கும். முன்சட்டத்தோடு மட்டும் இறுக்குங்கள். பின்னாலும் பக்கத்திலும் சட்டத்தின் உள்முகத்தில் பள்ளம் வெட்டி, அதில் நகரும் சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகிவிடுங்கள். நார் பக்கத்துக்குப் பக்கம் ஓடினால் அசைவு முழுக்கப் பின்னோக்கிப் போகும், முன்விளிம்பு அப்படியே நிற்கும். பின்கால் பொருந்தும் வெட்டில் அதற்கு இடைவெளி விடுங்கள்.

(தூசிமூக்கு, இங்கே திருகாணி போடலாம்.)

அளவு: முன்விளிம்பு தரையிலிருந்து 43–45 செ.மீ. பின்னால் 2 செ.மீ. இறக்கம். முதுகு இருக்கையிலிருந்து சுமார் 100 டிகிரி. எழுதுகிற நாற்காலி என்பதால் இதைவிடச் சாய்க்க வேண்டாம். உட்காரும் ஆழம் 40–42, அதற்கு மேல் போனால் முட்டிக்குப் பின்னால் குத்தும். முதுகின் கீழ்ப்பகுதியில் 15–20 செ.மீ. உயரத்தில் தாங்கல் வரணும், அதற்குக் கீழே பின்புறத்துக்கு இடம் விடுங்கள். கைப்பிடி வைத்தால் இருக்கைக்கு மேல் 20 செ.மீ. சொச்சம்.

#27 பழையகால்

எண்களை அப்படியே நம்பிவிடாமல், பழைய பலகைத் துண்டுகளைக் கிளாம்ப் போட்டு ஒரு பொம்மை நாற்காலி கட்டி அதில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். முதுகை ரெண்டு டிகிரி நகர்த்தினால் உடம்பு சொல்லிவிடும். யாருக்குச் செய்கிறீர்களோ அவரை உட்கார வையுங்கள், உங்களை அல்ல.

#28 தூசிமூக்கு

கடைசியில நாலு காலும் தரையில் உட்காராது பாருங்க. ஒன்னை அறுப்போம், அடுத்தது தூக்கும், அதை அறுப்போம்… கடைசியில குழந்தை நாற்காலி.

#29 உளிமுனை

ஒவ்வொன்றாக அறுப்பதால்தான் அப்படி. முதலில் உண்மையாகவே சமதளமான பரப்பில் வையுங்கள், வீட்டுத் தரையை நம்பாதீர்கள். ஆடுகிற காலுக்கு அடியில் சீவல் வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு இருக்கை பக்கவாட்டில் மட்டமாகவும், பின்னே வேண்டிய இறக்கத்தோடும் வரும்வரை நாலு காலடியிலும் ஆப்பு வையுங்கள். இப்போது ஒரு கட்டைமேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். நாலையும் அந்தக் கோட்டில் அறுத்தால் முடிந்தது. விளிம்பை அரத்தால் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், இழுக்கும்போது சிம்பு தெறிக்காது.

#30 சீவல்சுருள்

எல்லாம் குறித்துக்கொண்டேன். பொம்மை நாற்காலியில் தொடங்குகிறேன். மெருகுக்கு உப்புத்தாள் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் என்று நினைக்கிறேன், சரியா?

#31 பழையகால்

கூரான இழைப்புளியும் சுரண்டு தகடும் இருந்தால் உப்புத்தாள் பாதி வேலைக்குத் தேவைப்படாது. தேக்குக்கு எண்ணெய் சரி. மெலிதாகத் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும். மூட்டுக்குள் போகும் கன்னத்தில் எண்ணெய் படக் கூடாது, அதனால் கூட்டிய பிறகுதான் எண்ணெய்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றோடு வினைபுரிந்து, அதில் சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி மூடி வையுங்கள்.